ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று சதுர அடி

சாரம் என்ற எங்கள் ஊரில், எங்கள் தெருவில் மதில்கள் எப்போதும் வெளிப்பக்கமாகத்தான் நகரும். புதிதாகக் கட்டும்போது அரை அடி, பூச்சு வேலையில் இரண்டு அங்குலம், வாசற்படியில் ஒன்றரை அடி என்று முப்பது வருஷத்தில் தெரு ஒரு கார் அகலத்துக்கு மெலிந்துவிட்டது. தன் மதிலை இடித்து உள்ளே தள்ளிக் கட்டியவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் அரிகிருஷ்ணன். இரண்டு தடவை தள்ளினார். நிலம் அளப்பது என் தொழில் என்பதால் இரண்டு தடவையும் டேப் பிடித்தவன் நான்.

அவருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. பஞ்சாலையில் வார்ப்பிங் செக்‌ஷனில் முப்பத்தொரு வருஷம் இருந்தார். துணி நெய்வதற்கு முன்னால், நீளவாக்கில் போகும் பாவு இழைகளை எண்ணி, ஒழுங்காக உருளையில் சுற்றும் வேலை. பட்டை போட்ட துணி என்றால் மொத்த இழையும் பட்டைகளுக்குச் சமமாக வகுபட வேண்டும். இரண்டாயிரத்து நானூறு இழையை நாற்பது பட்டையாகவும் பிரிக்கலாம், அறுபதாகவும் பிரிக்கலாம், எண்பதாகவும் பிரிக்கலாம். ஒரு நாள் ஆபீஸிலிருந்து யாரோ 2,411 என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒரு ஷிஃப்ட் முழுக்க செக்‌ஷனே உட்கார்ந்து வகுத்துப் பார்த்தது. எந்தப் பட்டைக் கணக்குக்கும் அது மசியவில்லை. எப்படிப் பிரித்தாலும் நாலு இழையோ பத்து இழையோ மிச்சம் நின்றது. அந்த எண்ணை எழுதியவரை எல்லாரும் திட்டினார்கள். அரிகிருஷ்ணன் மட்டும் அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த மாதிரி எண்களைத் தேடுவதே அவருக்கு வேலையாயிற்று. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாதவை. அவர் வைத்த பெயர் முரட்டு எண். பத்தாயிரத்துக்குள் 1,229 முரட்டு எண்கள் இருக்கின்றன என்று ஏழு வருஷத்தில் எழுதி முடித்தார். கடைசியில் நிற்பது 9,973. பள்ளிக்கூடத்தில் இவற்றுக்குப் பகா எண் என்று பெயர் இருப்பது, மகள் அமுதவல்லி பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் தெரிந்தது.

“பேரு நல்லாத்தான் வெச்சிருக்கானுங்க. எனக்கு முன்னாடியே யாருக்கோ தெரிஞ்சிருக்கும் போல” என்றாராம், கொஞ்சம் வருத்தத்தோடு.

மில்லிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மில்லில் அரை இழை கிடையாது. ஆகவே அவர் வீட்டிலும் எதையும் பாதியாகப் பிய்ப்பது கிடையாது. விஜயராகவன், கோபிநாத், அமுதவல்லி என்று மூன்று பிள்ளைகள். நான்கு வடை வந்தால் ஆளுக்கு ஒன்று, மிஞ்சிய ஒன்று காக்காய்க்கு. பதினோரு முறுக்கு வந்தால் ஆளுக்கு மூன்று, இரண்டு காக்காய்க்கு. மனைவி சின்னப்பாப்பா முதலில் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு மூன்றின் மடங்கில் சுடப் பழகிக்கொண்டார். அந்த வீட்டுக் காக்காய்கள் ஏமாந்துபோன காலம் அது.

இந்த மனிதருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. பாகப்பிரிவினை.

சேதராப்பட்டுப் பக்கம் அவருடைய அப்பாவுக்கு இருந்த நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டபோது, எல்லாருக்கும் ரோட்டுப் பக்கம் வேண்டும் என்றதால் நீளவாக்கில் கிழித்தார்கள். அரிகிருஷ்ணனுக்கு வந்தது நான்கு அடி அகலம், முந்நூறு அடி நீளம். மாடு உள்ளே போனால் திரும்ப முடியாது. பின்பக்கமாகவே நடத்திக் கூட்டி வர வேண்டும். ஏர் ஒரு தடவை போனால் ஒரு தடவைதான். அதை விற்று, மேலும் கடன் வாங்கி, அப்போது வயலாக இருந்த சாரத்தில் எண்பதுக்கு நூற்று இருபத்தைந்து என்று ஒரு மனை வாங்கினார். சரியாகப் பத்தாயிரம் சதுர அடி. எங்கள் ஊர்க் கணக்கில் பதினேழு குழிக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் ஒரு ஓட்டு வீடு, சுற்றி மாமரமும் முருங்கையும்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். விஜயராகவன் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கோபிநாத்துக்கு ஏசி ரிப்பேர். அமுதவல்லி பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் விஜயராகவன், தன் பங்கு தன் பெயரில் இருந்தால் வீடு கட்ட லோன் கிடைக்கும் என்று சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னான். அரிகிருஷ்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“சாமிக்கண்ணு, எம் மனைய 9,973 ஆக்கணும்.”

“இன்னாண்ணே?”

“பத்தாயிரம் ரொம்ப எளகின எண்ணு. ரெண்டுல போவும், நாலுல போவும், அஞ்சுல போவும், யாரு கூப்ட்டாலும் போவும். 9,973 எதுலயும் போவாது. பிரிக்கவே முடியாது. இருபத்தேழு சதுர அடிய வெளில தள்ளிடு.”

ஒரு தாளை நீட்டினார். இரண்டு முதல் தொண்ணூற்றேழு வரை இருக்கும் இருபத்தைந்து முரட்டு எண்களாலும் 9,973-ஐ வகுத்து மிச்சம் எழுதியிருந்தார். ஏழில் ஐந்து மிச்சம். பதினொன்றில் ஏழு. பதின்மூன்றிலும் ஐம்பத்தொன்பதிலும் இரண்டே இரண்டு மிச்சம். அந்த இரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் வியர்த்துவிட்டது என்றார். அடுத்த முரட்டு எண் 101. அதை அதனாலேயே பெருக்கினால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும்; ஆகவே அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. இருபத்தைந்தே வகுத்தலில் விஷயம் முடிந்தது. தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

“அண்ணே, அரை அடின்னு ஒண்ணு இருக்கே” என்றேன்.

“அரை இழைன்னு மில்லுல எங்கனா பாத்திருக்கியா?”

“இது நிலம்.”

“எண்ணு எண்ணுதான்.”

அளக்கப் போனால் இன்னொரு சிக்கல். 9,973-ஐ முழு அடிகளில் நீளம் அகலமுள்ள செவ்வகமாகக் கட்ட முடியாது. எதனாலும் வகுபடாத எண்ணுக்கு நீளம் ஏது, அகலம் ஏது? ஒரே வழி, ஒரு அடி அகலத்தில் 9,973 அடி நீளம். மூன்று கிலோமீட்டர். அது சாரத்தில் தொடங்கிக் கடற்கரையைத் தாண்டித் தண்ணீரில் போய் முடியும். இதைச் சொன்னபோது அவர் சற்று யோசித்தார் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு வேண்டாம் என்றார். ஆகவே தெருவோர மூலையில் ஒன்பது அடி நீளத்துக்கு மூன்று அடி உள்வாங்கி மதிலைக் கட்டினோம். செவ்வகத்தில் எலி கடித்த மாதிரி ஒரு மூலை.

மதிலை மாற்றிக் கட்டுகிறார்கள் என்று யாரோ புகார் கொடுக்க, அதிகாரி ஒருவர் வந்தார். டேப் போட்டார். மறுபடி போட்டார். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சுவர் உள்ளே இருந்தது.

“வெளில வந்தா நோட்டீஸ் குடுக்கலாங்க. உள்ள போனா குடுக்கறதுக்கு எங்கிட்ட ஃபாரமே இல்ல” என்று சொல்லிவிட்டு, போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அரிகிருஷ்ணன் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார். ‘நீங்கள் எப்போது கேட்டாலும் மனையைப் பிரித்து எழுதித் தருகிறேன். முழுச் சதுர அடியில், சமமாக, மிச்சமில்லாமல் இருக்க வேண்டும்.’ பிள்ளைகளுக்கு இதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. முறுக்குக்கும் அதுதானே சட்டம். அப்பா இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று விஜயராகவன் பால்கோவா வாங்கி வந்தான். எண்ணிப் பார்த்து, ஒரு துண்டைக் காக்காய்க்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

இதற்குள் அந்த இருபத்தேழு அடிக்கு ஆள் வந்துவிட்டது. வீராம்பட்டினத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் மீன் கொண்டுவரும் செல்வாம்பாள், மாமர நிழல் விழுந்த அந்த மூலையில் கூடையை இறக்கினாள். அரிகிருஷ்ணன் தடுக்கவில்லை. அது இப்போது அவருடைய நிலம் இல்லை. ஒரு மாதத்தில் தார்ப்பாய் வந்தது. இரண்டாம் மாதம் பலகை வந்தது. மூன்றாம் மாதம் அவள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

“பெரியவரே, ஐஸ் பொட்டி வெக்க எடம் பத்தல. இன்னும் ஒரு சதுர அடி உள்ள தள்ளிக் கட்டேன்.”

“ஒரு அடியா? முடியாது.”

“இருபத்தேழு அடிய சும்மா உட்ட மனுசனுக்கு ஒரு அடி கசக்குதா?”

“அந்த ஒரு அடிதான் எங்குடும்பம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். செல்வாம்பாள் அன்று முழுக்க மீன் வாங்க வந்தவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பிரிக்க உட்கார்ந்தார்கள். என்னையும் வரைபடத்தோடு கூப்பிட்டிருந்தார்கள்.

முதலில் அண்ணனும் தம்பியும் மட்டும். ஆளுக்கு 4,986. ஒன்று மிச்சம்.

விஜயராகவன் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தான். “சரி, தங்கச்சியச் சேத்துக்கலாம். மூணு பேர்.”

நான் எத்தனையோ வீட்டில் அளந்திருக்கிறேன். அண்ணன் தம்பிகள் தாங்களாகவே தங்கையைப் பங்குக்குக் கூப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அமுதவல்லி கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தாள். ஆளுக்கு 3,324. ஒன்று மிச்சம்.

“அம்மா, நீயும் வா” என்றான் கோபிநாத். நான்கு பேர். ஆளுக்கு 2,493. ஒன்று மிச்சம்.

“இன்னாடா இது, எத்தினி பேரு வந்தாலும் அந்த ஒண்ணு நகரமாட்டுது!” என்றான் விஜயராகவன்.

“மாமாவையும் சேருங்க, அஞ்சு பேரு” என்றாள் ஒரு மருமகள், மாமனாரைக் காட்டி.

“அஞ்சுல மூணு மிச்சம்டா. இன்னும் மோசம்.”

அப்பாவை விட்டுவிட்டு மருமகள்களையும் மருமகனையும் சேர்த்தார்கள்; ஆறு பேர் ஒரு கணக்கு, ஏழு பேர் ஒரு கணக்கு. ஆறில் ஒன்று நின்றது, ஏழில் ஐந்து நின்றது. வெயில் ஏற ஏறப் பங்காளிகளின் எண்ணிக்கையும் ஏறியது. பகல் ஒரு மணிக்குப் பன்னிரண்டு பேருக்குப் பிரித்துப் பார்த்தார்கள். ஆளுக்கு 831. ஒன்று மிச்சம். அரிகிருஷ்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

“சரிப்பா, எத்தினி பேரு இருந்தாத்தான் மிச்சமில்லாம போவும்?” என்றான் விஜயராகவன்.

“9,973 பேரு. ஆளுக்கு ஒரு சதுர அடி.”

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்வாம்பாள் குரல் கொடுத்தாள். “எங்க ஊரு ஆடித் தேருக்கு வாங்க, அம்மாம் பேரும் கெடைப்பாங்க! ஆளுக்கு ஒரு அடி, நின்னுக்கினே இருக்கலாம்!”

அமுதவல்லி மட்டும் சிரிக்கவில்லை. தையல்காரி, மிச்சத் துணியைப் பார்த்தே சட்டையை யோசிக்கிறவள். அவள் தாளில் மிச்சங்களை மட்டும் வரிசையாக எழுதினாள். இரண்டுக்கு ஒன்று. மூன்றுக்கு ஒன்று. நான்குக்கு ஒன்று. ஆறுக்கு ஒன்று. பன்னிரண்டுக்கு ஒன்று.

“அப்பா, இதுல ஒண்ண எடுத்துட்டா 9,972. அது எல்லாத்துலயும் போவுது. ரெண்டு, மூணு, நாலு, ஆறு, பன்னெண்டு.”

அரிகிருஷ்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நம்ம வூட்ல மிச்சம் எங்க போவும்?” என்றாள் அவள். “காக்காய்க்கு. வெளில. நீதான சொன்ன. அந்த ஒரு அடிய செல்வாம்பா அக்காவுக்குக் குடுத்துடு. ஐஸ் பொட்டி வெச்சிக்கட்டும். மீதிய நாங்க சமமா எடுத்துக்கறோம்.”

முப்பது வருஷமாக அந்த வீட்டில் அவர் போட்ட சட்டம் அது. இருபத்தைந்து எண்ணால் வகுத்துப் பார்த்தவர், பக்கத்து எண் எப்படிப்பட்டது என்று பார்க்கவில்லை. ஊரிலேயே முரடன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஊரிலேயே இளகிய ஆள் குடியிருந்திருக்கிறான்.

“பொண்ணு சொல்றது சரிதான” என்றார் சின்னப்பாப்பா. “ஒரு பொம்பள ஒரு அடி கேக்குறா. இருபத்தேழு குடுத்துட்டு ஒண்ணு இல்லன்னு சொன்னா தெருவுல இன்னா பேசுவாங்க?”

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. புதன்கிழமை காலையில் நான் அந்தப் பக்கம் போனபோது, மதில் உள்வாங்கிய மூலையில், உட்பக்கம் தனியாக நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சாமிக்கண்ணு, நாலு அடி அகலத்துல ஒருத்தன் எப்பிடிடா இருப்பான்? மாடு பின்னாலயே நடந்து வரும். நான் பாத்திருக்கேன். அது கண்ணப் பாத்திருக்கேன்.”

“உங்க பசங்களுக்கு 3,324 அடி வரும்ணே. மாடும் இல்ல.”

“அதுங்களுக்கு வரும். அதுங்களோட பசங்களுக்கு? 3,324 ரெண்டுல போவுது, மூணுல போவுது, நாலுல போவுது. தொறந்துட்டா நிக்காது.”

வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பினார். டேப்போடு போனேன். கொத்தனார் இருந்தார், செங்கல் இறங்கியிருந்தது, பிள்ளைகள் மூவரும் லீவு போட்டு வந்திருந்தார்கள். செல்வாம்பாள் ஐஸ் பெட்டியை ஆட்டோவிலேயே கொண்டுவந்துவிட்டாள்.

“எங்கண்ணே ஒரு அடி?”

“ஒரு அடி இல்ல. ஆறு. ஒம்பது அடி நீளத்த பதினொண்ணு ஆக்கு. மூணு அடி அகலம் அப்பிடியே இருக்கட்டும்.”

தெருவே வாயைப் பிளந்தது. கேட்டது ஒன்று, கொடுப்பது ஆறு. செல்வாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாமி மாதிரி மனுசன். நான் வேற கிண்டல் பண்ணிட்டேன்” என்றாள். நல்ல வஞ்சிரமாக ஒன்றை எடுத்துச் சின்னப்பாப்பாவிடம் கொடுத்தாள். விஜயராகவன் அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டான். சுவர் ஏறியது. பழைய சுவரின் செங்கலே மறுபடி சுவரானது.

சுவர் முடிந்த பிறகு பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கால்குலேட்டரை எடுத்தார்கள். இருபத்தேழோடு ஆறு, முப்பத்து மூன்று. பத்தாயிரத்தில் கழித்தால் 9,967.

இரண்டு பேருக்கு 4,983. ஒன்று மிச்சம்.

மூன்று பேருக்கு 3,322. ஒன்று மிச்சம்.

நான்கு பேருக்கு மூன்று மிச்சம்.

கோபிநாத் கால்குலேட்டரைக் குலுக்கினான். விஜயராகவன் மெதுவாக நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அரிகிருஷ்ணன் இடுப்பிலிருந்து பழைய மில் நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் 9,973 அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே இருந்த எண் வட்டமிடப்பட்டிருந்தது.

“இதுவும் முரடுதான். போன தடவ மாதிரியே எல்லாத்துலயும் வகுத்துட்டேன்” என்றார்.

“அப்பா, இதுலயும் ஒண்ணக் கொறச்சா…” என்று அமுதவல்லி ஆரம்பித்தாள்.

“கொறைங்க. அடுத்தது 9,949. இன்னும் பதினெட்டு அடி உள்ள போவணும், அவ்ளோதான். அதுக்கடுத்தது 9,941. இன்னும் ஆயிரத்து சொச்சம் இருக்குது, எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். எனக்கு இன்னா அவசரம்?”

“கடைசியா எதுப்பா?” என்றான் கோபிநாத்.

“ரெண்டு. அது ஒண்ணுதான் இந்த நோட்டுலயே ரெட்டப்படை. அது வந்ததும் நீயும் அண்ணனும் ஆளுக்கு ஒரு அடி எடுத்துக்கலாம். மிச்சமில்லாம போவும். நான் தடுக்க மாட்டேன்.”

“மீதி 9,998 அடி?”

அரிகிருஷ்ணன் மதிலைக் காட்டினார். அந்தப் பக்கம் செல்வாம்பாள் புது இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு விஜயராகவன் கால்குலேட்டரை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தான். “விடுங்கடா. இன்னும் ரெண்டு தடவ நம்ம பாகம் கேட்டா இங்க மீன் மார்க்கெட்டே வந்துடும்.”

அன்றே இன்னொரு தாள் எழுதினார்கள். அப்பா மதிலைத் தொட மாட்டார். பிள்ளைகள் பாகம் கேட்க மாட்டார்கள். இதில் எண் எதுவும் இல்லை. அரிகிருஷ்ணன் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு நானும் போட்டேன். ஓட்டு வீட்டை இடித்து, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வீடாக, ஒரே வாசலோடு போன வருஷம் கட்டினார்கள். லோனை அப்பா பெயரையும் சேர்த்தே வாங்கினார்கள். சமையல் மட்டும் மூன்று. மாடிப் படிக்கு எத்தனை படி வைப்பது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. இருந்தாலும் பத்தொன்பதுதான் வந்தது. அதைக் கொத்தனாரிடம் யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டில் மனக்குறை உள்ளவள் ஒருத்திதான். செல்வாம்பாளுக்கு இப்போது வியாபாரம் பெருகிவிட்டது. ஐஸ் பெட்டி இரண்டாகிவிட்டது. மீன் ஆய்ந்து கொடுக்கத் தனியாக இடம் வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விஜயராகவன் மீன் வாங்க வந்தால், எடைக்கு மேல் இரண்டு சங்கரா போட்டுவிட்டு, மதிலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே கேட்கிறாள்:

“இன்னா தம்பி, பெரியவருகிட்ட பாகமே கேக்க மாட்டேன்றீங்க? உங்க உரிமைய நீங்க உட்டுக் குடுக்கலாமா?”